வண்டி வீட்டின் திருகுக் கால்



நெம்புகோல், சக்கரமும் அச்சும், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகு என எளிய பொறிகள் ஆறு என்பது நாம் பள்ளியிலே படித்த பாடம். இந்த ஆறனுள் கடைசியாக வைத்து எண்ணப்படும் திருகு, உண்மையில் ஒரு சாய்தளமே ஆகும். செங்குத்தான மலைமீது நேரே ஏற இயலாத பாதை, அம்மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல மெல்ல ஏறிச் செல்வதை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? அப்பாதையை ஓர் இரும்புத் தண்டின்மீது சுற்றிவிட்டதாக எண்ணிக்கொண்டால் அதுவே திருகின் மரை. ஒரு சுற்றில் ஏறும் உயரம் சிறிது. அதற்காகக் கை சுற்றிவரும் தொலைவோ பெரிது. ஆகவே சிறு விசையைக் கொண்டு பெருஞ்சுமையை அசைக்க முடிகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்னும் அறிஞர் இப்பயனை எழுதி வைத்தார். அன்று முதல் இன்று வரை திருகு மாறவில்லை. அதனை நாம் பூட்டும் இடங்களே மாறி வந்திருக்கின்றன.

அத்தகைய இடங்களுள் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அமெரிக்க நாட்டிலே காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் வண்டி வீடுகள் உண்டு. அவ்வீடுகள் ஓரிடத்தில் நின்றபின் ஆடாமல் இருப்பதற்காக நான்கு மூலைகளிலும் இறக்கப்படும் கால்கள் உண்டு. அக்கால்களை இறக்கவும் ஏற்றவும் கையால் சுற்றும் ஒரு கைப்பிடி உண்டு. அந்தக் கைப்பிடி பழுதுபட்டால் என்ன செய்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள். எங்கோ இருக்கும் வண்டியின் காலைப் பற்றி நமக்கென்ன கவலை என்று சிலர் கேட்கலாம். ஏரி மதகின் பலகையை உயர்த்துவதும் திருகே. புத்தகம் கட்டுவோர் தாள்களை அழுத்துவதும் திருகே. காரின் சக்கரத்தை மாற்றுங்கால் அடியில் வைக்கும் ஜாக்கியும் பெரும்பாலும் திருகே. ஒரு திருகின் நோயை அறிந்து தீர்க்கக் கற்றவர் எல்லாத் திருகுகளுக்கும் மருத்துவராகலாம்.

முதலில் அந்த வண்டி வீட்டைச் சிறிது அறிந்துகொள்வோம். அமெரிக்கர்கள் பயணத்தில் வேட்கை மிக்கவர்கள். உலகின் முதல் தேசியப் பூங்காவாகிய எல்லோஸ்டோன் 1872-ஆம் ஆண்டிலேயே அங்கு அமைந்துவிட்டது. காடும் மலையும் காணச் செல்வோர், கூடாரத்தைச் சுமப்பதற்கு மாறாக வீட்டையே இழுத்துச் சென்றால் என்ன என்று எண்ணினர். 1936-ஆம் ஆண்டில் வாலி பயம் என்பவர் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்னும் வண்டியை வெளியிட்டார். ஆகாய விமானத்தின் உடலைப் போல அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து இணைத்து அது செய்யப்பட்டிருந்தது. 1959-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு நெடும் பயணத்தில், அவர் இத்தகைய வண்டிகளின் அணி ஒன்றைத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து எகிப்தின் கெய்ரோ வரை நடத்திச் சென்றார். இன்று அமெரிக்காவில் இவ்வண்டிகள் பல வடிவங்களில் உள்ளன. முழுச் சுவரும் கூரையும் கொண்டவை சில. பயணத்தில் மடங்கிக் கிடந்து, நின்ற இடத்தில் கூடாரமாக விரிபவை சில. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளது ஒன்று. நிற்கும்போது அவை ஆடும்.

ஏன் ஆடுகின்றன? மாட்டை அவிழ்த்துவிட்ட கட்டை வண்டியை நினைத்துப் பாருங்கள். நுகத்தடியின் கீழ் முட்டுக் கொடுத்தாலொழிய அது முன்னோ பின்னோ சாயும். காரினின்றும் அவிழ்க்கப்பட்ட வண்டி வீட்டின் நிலையும் அதுவே. அதன் சக்கரங்கள் நடுவிலே உள்ளன. முன்மூக்கைத் தாங்க ஒரு ஜாக்கி உண்டு. ஆயினும் சக்கரத்தின் மேலே வில்லும், சக்கரத்தைச் சுற்றிக் காற்றடைத்த டயரும் இருத்தலால், உள்ளே ஒருவர் நடந்தாலும் வீடு குலுங்கும். குழந்தை படுக்கையிலே புரண்டாலும் குலுங்கும். இக்குலுக்கத்தைத் தடுப்பதற்காகவே நான்கு மூலைகளிலும் கால்கள் இறக்கப்படுகின்றன. இவற்றை அவர்கள் ஸ்டெபிலைசர் ஜாக்கி என்பார்கள். நாம் நிலைக்கால் என்று வைத்துக்கொள்வோம்.

நிலைக்கால் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று, கத்தரிக்கோல் போல விரிந்து சுருங்கும் நான்கு கைகளை உடையது. அதன் இடையே ஒரு திருகு கிடையாகச் செல்லும். திருகைச் சுற்றினால் இருபுறக் கணுக்களும் நெருங்கி வர, கால் நீளும். மற்றொன்று, ஒரு முனையில் கீல் கொண்டு மடங்கிக் கிடக்கும் ஒற்றைக் கால். திருகின்மேல் நகரும் நட்டு அக்காலைத் தள்ள, அது சாய்வாகத் தரையில் ஊன்றும். இருவகையிலும் திருகின் முனையிலே அறுகோணத் தலை ஒன்று இருக்கும். அதன்மீது கைப்பிடியின் குழிந்த வாயைப் பொருத்திச் சுற்ற வேண்டும்.

இங்கே ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் நன்கு பதித்துக்கொள்ள வேண்டும். நிலைக்கால் வண்டியைத் தூக்குவதற்கு உரியதன்று. தூக்கி நிற்கும் வண்டியை ஆடாமல் தாங்குவதற்கே உரியது. வண்டியின் எடையைச் சக்கரங்களும் முன்மூக்கின் ஜாக்கியும் சுமக்கின்றன. நிலைக்காலின் வேலை தோளிலே கைவைத்து அணைத்து நிற்கும் நண்பனின் வேலை. மூட்டையைச் சுமக்கும் கூலியாளின் வேலை அன்று. இந்த வேறுபாட்டை மறந்து, சரிந்து நிற்கும் வண்டியை நிலைக்காலைச் சுற்றியே சமன் செய்ய முயல்வோர் பலர். கைப்பிடி முறிவதற்கும், மரை தேய்வதற்கும், வண்டியின் அடிச்சட்டம் வளைவதற்கும், கதவு தன் நிலையில் பொருந்தாமற் போவதற்கும் இம்மறதி பெரியதொரு காரணம்.

அப்படியாயின் சிறிய கைப்பிடி ஒன்று இவ்வளவு தீங்கை எவ்வாறு செய்கிறது? கணக்கிட்டுப் பார்ப்போம். கைப்பிடியின் வளைவு திருகின் அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். ஒரு சுற்றுக்குக் கை செல்லும் தொலைவு ஏறக்குறைய 1,257 மில்லிமீட்டர். மரையின் இடைவெளி 4 மில்லிமீட்டர் எனின், அதே ஒரு சுற்றில் நட்டு நகர்வது 4 மில்லிமீட்டரே. ஆகவே விசை ஏறக்குறைய 314 மடங்காகப் பெருகுகிறது. உராய்வினால் மூன்றில் இரண்டு பங்கு கழிந்துபோனாலும் 100 மடங்குக்கு மேல் எஞ்சும். 5 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்குக் கை முயன்றாலே திருகு 500 கிலோவுக்கு ஒப்பாக இழுக்கும். கைப்பிடியின்மேல் நீண்ட குழாயொன்றைச் செருகி முழு பலத்தோடு சுற்றுவோர், தாம் எத்துணைப் பெரிய விசையை அவிழ்த்துவிடுகிறோம் என்பதை உணர்வதில்லை.

கத்தரிக்கோல் வகைக் காலுக்கு வேறொரு விதியும் உண்டு. அதன் கைகள் தரைக்கு எவ்வளவு சாய்ந்து நிற்கின்றனவோ அதற்கேற்பத் திருகின்மேல் விழும் இழுப்பு மாறும். கைகள் 45 பாகையில் நிற்கும்போது, 200 கிலோ சுமை திருகை அதே 200 கிலோ விசையால் இழுக்கும். கைகள் 15 பாகைக்குத் தாழ்ந்திருந்தால் அதே சுமை திருகை ஏறக்குறைய 746 கிலோ விசையால் இழுக்கும். ஆகவே கால் பெரும்பாலும் மடங்கிய நிலையிலேயே தரையைத் தொட்டுச் சுமை ஏற்குமாயின், திருகும் நட்டும் பெருந்துன்பம் அடைகின்றன. மிக நீண்டு நின்றாலோ கால் தானே ஆடத் தொடங்கும். மிகத் தாழ்வும் ஆகாது. மிக நீளமும் ஆகாது. மண் இளகிய இடத்தில் காலின் கீழ் அகன்ற மரப்பலகை வைக்கும்போது இவ்விரண்டையும் நினைவிற்கொண்டு பலகையின் கனத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

உராய்வு என்றவுடன் அதனை வீண் என்று நாம் வெறுக்கிறோம். ஆனால் நிலைக்காலில் உராய்வே காவலன். கைப்பிடியைக் கழற்றி எடுத்துவிட்ட பின்னும் கால் தானாக மடங்காமல் நிற்பது எதனால்? மரையின் சரிவு 5 பாகை அளவே. கிரீஸ் பூசிய இரும்பின்மேல் இரும்பு வழுக்கத் தொடங்க அதனினும் மிகுந்த சரிவு வேண்டும். ஆதலின் சுமை எவ்வளவு அழுத்தினாலும் நட்டு பின்னோக்கி வழுக்குவதில்லை. இவ்வாறு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் திருகின் திறன் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்ட முடியாது என்பது பொறியியல் கண்ட முடிபு. நாம் இடும் முயற்சியில் பாதிக்கு மேல் உராய்வுக்குச் செல்கிறது. அந்தப் பாதியே நாம் உறங்கும்போது விழித்திருந்து காக்கிறது. எனினும் இக்காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. இடைவிடாத அதிர்ச்சியில் நட்டு சிறிது சிறிதாக நழுவலாம். ஆகவே ஒரே இடத்தில் பல நாள் தங்குவோர் அவ்வப்போது கால்களைத் தொட்டுப் பார்த்துச் சிறிது இறுக்கிக்கொள்வது நலம்.

இனிப் பழுதுக்கு வருவோம். கைப்பிடி வேலை செய்யவில்லை என்று சொல்வது, உடம்புக்கு ஆகவில்லை என்று மருத்துவரிடம் சொல்வதைப் போன்றது. எங்கே, எவ்வாறு என்று கேட்டறிய வேண்டும். நான்கு கேள்விகள் போதும்.

முதற் கேள்வி: கைப்பிடி சுற்றுகிறதா, திருகு சுற்றவில்லையா? அப்படியானால் பழுது கைப்பிடிக்கும் திருகுக்கும் இடையே உள்ளது. கைப்பிடியின் வாய் அகன்றிருக்கலாம். திருகின் அறுகோணத் தலை முனை மழுங்கி வட்டமாகியிருக்கலாம். அல்லது இரண்டையும் இணைக்கும் குறுக்கு ஊசி அறுந்திருக்கலாம். சில வண்டிகளில் கைப்பிடியைச் சாய்வாகவும் சுற்றுவதற்கென யூனிவர்சல் ஜாயின்ட் ஒன்று இருக்கும். அதன் ஊசிகளையும் பார்க்க வேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டு முதுமொழி. விரலளவும் இல்லாத ஓர் ஊசி அறுந்தால் வண்டி வீடும் கால் ஊன்றாது.

இரண்டாம் கேள்வி: திருகு சுற்றுகிறதா, கால் அசையவில்லையா? அப்படியானால் நட்டின் உட்புறத்து மரை தேய்ந்து அழிந்திருக்கிறது. அல்லது நட்டு தன் இருப்பிடத்திலிருந்து கழன்று திருகோடு சேர்ந்து சுற்றுகிறது. அறிவு தடுமாறியவனை மரை கழன்றவன் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை என்பதே அச்சொல்லின் பொருள்.

மூன்றாம் கேள்வி: இரண்டுமே சுற்றவில்லையா? துரு ஏறியிருக்கலாம், சாலையின் சேறு மரையில் புகுந்து காய்ந்து இறுகியிருக்கலாம். அல்லது வண்டி தன் இடத்தில் சிறிது அமிழ்ந்து, தாங்க வேண்டிய அளவுக்கு மேல் சுமை அக்காலின்மேல் ஏறியிருக்கலாம். கடைசியிற் சொன்னதை முதலிலேயே ஐயுற வேண்டும். முன்மூக்கின் ஜாக்கியால் வண்டியைச் சற்று உயர்த்தியோ தாழ்த்தியோ அக்காலின் சுமையை நீக்கினால், பழுது என்று எண்ணியது பழுதே அன்று எனத் தெரியவரும்.

நான்காம் கேள்வி: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் கனக்கிறதா? அப்படியானால் திருகின் தண்டு வளைந்திருக்கிறது. கால்களை முழுதும் மடக்காமல் வண்டியை நகர்த்தியதனாலோ, மேடு தட்டியதனாலோ இது நேரும். வளைந்த திருகைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம் என்று எண்ணுவது பெரும்பாலும் வீண். கண்ணுக்கு நேராகத் தோன்றினாலும் நட்டுக்கு அது நேராகாது. அதனை மாற்றுவதே முறை.

நோய் தெரிந்தபின் மருந்து. ஆனால் மருந்துக்கு முன் ஓர் எச்சரிக்கை. நிலைக்கால்களை மட்டும் நம்பி வண்டியின் அடியிலே ஒருவரும் நுழையலாகாது. இதனை எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாது. வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். சக்கரங்களின் முன்னும் பின்னும் ஆப்புக்கட்டை வைக்க வேண்டும். இயன்றால் காரோடு பூட்டிய நிலையிலேயே, கார் நகராமல் கைப்பிரேக் போட்டு வைக்க வேண்டும். பழுதுபட்ட காலின் மேலிருந்து சுமையை நீக்க வேண்டும். அடியில் படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும் எனின், எடை தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட உறுதியான தாங்கிகளை அடிச்சட்டத்தின் கீழ் வைக்க வேண்டும். நம் கணக்கின்படி ஒரு சிறு நட்டின் தேய்ந்த மரைமேல் நூற்றுக்கணக்கான கிலோ இழுப்பு நிற்கிறது. அது விட்டுவிடும் நொடிக்கு முன்னறிவிப்பு இல்லை.

இறுகிய திருகை இளக்குவது எப்படி? முதலில் கம்பித் தூரிகையால் மரையிலுள்ள மண்ணையும் துருவையும் தேய்த்து அகற்றுக. பின்பு துருவினுள் ஊடுருவும் எண்ணெயை நட்டின் இருபுறமும் விட்டு, அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். ஓர் இரவு முழுதும் ஊறவிடினும் நன்றே. மறுநாள் கைப்பிடியை ஒரே திசையில் வலிந்து திருப்பலாகாது. கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என அசைத்து அசைத்து விடுவிக்க வேண்டும். முன்னே செல்லும்போது துரு பொடியாகிறது. பின்னே வரும்போது அப்பொடி வெளியேற இடமுண்டாகிறது. மீண்டும் எண்ணெய், மீண்டும் அசைவு. பொறுமையே இங்குச் சிறந்த ஸ்பானர். நெருப்புக் காட்டி இளக்கலாம் என்று சிலர் எண்ணுவர். பட்டறையில் கழற்றி வைத்த இரும்புக்கு அது பொருந்தலாம். வண்டியோடு இருக்கும் காலுக்குப் பொருந்தாது. தலைக்கு மேலே மரப்பலகைத் தளமும், மின்கம்பிகளும், சமையல் வாயுக் குழாயும் இருக்கின்றன என்பதை மறத்தலாகாது.

எண்ணெயாலும் இளகாவிடில் காலையே கழற்றிவிடலாம். பெரும்பாலான கால்கள் அடிச்சட்டத்தோடு சில போல்ட்டுகளால் மட்டுமே இணைக்கப்பட்டவை. கழற்றிய காலை மேசைமேல் வைத்துப் பார்த்தால், இருளிலும் சேற்றிலும் தெரியாத குறைகள் வெளிச்சத்தில் தெரியும். கணுக்களின் ரிவெட் தளர்ந்திருக்கிறதா, கைகளில் வெடிப்பு உண்டா, திருகின் தலையைத் தாங்கும் வாஷர் தேய்ந்திருக்கிறதா எனப் பார்க்கலாம். வாஷரின் தேய்வைப் பலர் கவனிப்பதில்லை. திருகின் தலை முழுச் சுமையோடு உரசிச் சுழலும் இடம் அதுவே. அது தேய்ந்தால் இரும்பு இரும்பைக் கடித்துக் கைப்பிடி கனக்கும்.

அறுந்த ஊசிக்கு மாற்று ஊசி போடுவது எளிய வேலை. பழைய ஊசியின் துண்டுகளைத் தட்டி வெளியேற்றி, துளையைச் சுத்தம் செய்து, அதே கனமும் அதே நீளமும் உள்ள ஊசியைச் செருக வேண்டும். கையில் கிடைத்த ஆணியைச் செருகுவது ஒரு நாளைக்கு உதவும், மறுநாள் அறும். அதற்கு நேர்மாறாக, இனி அறவே அறாத கடின இரும்பைத் தேடிச் செருகுவோரும் உண்டு. பல பொறிகளில் ஊசி அறுவதற்கென்றே வைக்கப்பட்டது. மின்சாரம் மிகும்போது பியூஸ் கம்பி உருகி வீட்டைக் காப்பது போல, விசை மிகும்போது ஊசி அறுந்து திருகைக் காக்கிறது. ஊசி அறாவிட்டால் அறுவது அதனினும் விலையுயர்ந்த மற்றொன்றாக இருக்கும். ஆகவே செய்தோர் வைத்த ஊசியின் தரத்தையே பின்பற்றுக.

மழுங்கிய அறுகோணத் தலையை அரத்தால் தேய்த்துச் சீராக்கினால் அது மேலும் சிறுத்துப்போகும். பழைய கைப்பிடியின் வாய்க்கு அது பொருந்தாது. கைப்பிடியின் வாய் மட்டும் அகன்றிருந்தால் கைப்பிடியை மாற்றுவது போதும். அமெரிக்க வண்டிகள் பலவற்றில் இத்தலை முக்கால் அங்குல அளவுடையது. அதற்குச் சரியான அளவில் வாய் இருக்க வேண்டும். தளர்ந்த வாய் ஒவ்வொரு சுற்றிலும் முனைகளைத் தின்னும். தலையும் வாயும் இரண்டுமே தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றுக. ஒன்றை மட்டும் புதிதாக்கினால் பழையது புதியதைக் கெடுக்கும்.

மரை அழிந்த நட்டுக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட்டையும் நட்டையும் மாற்றாகப் போடலாமா? போடலாகாது. மரைகளுள் பூட்டும் மரை வேறு. நகர்த்தும் மரை வேறு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் 1864-ஆம் ஆண்டில் 60 பாகைக் கோணமுள்ள மரையைப் பொது அளவாக முன்வைத்தார். போல்ட்டுகளுக்குரிய கூர்மையான மரை அவ்வழியில் வந்தது. அது இறுகப் பற்றுவதற்கு ஏற்றது, உராய்வு மிகுந்தது. சுமையை நகர்த்தும் திருகுக்கோ தடித்த, தட்டையான பற்களைக் கொண்ட மரை வேண்டும். 29 பாகைக் கோணமுள்ள ‘ஆக்மி’ மரை அவ்வகையைச் சேர்ந்தது. நிலைக்காலுக்கு அதன் திருகிற்கு ஏற்ற நட்டையே தேட வேண்டும். கிடைக்காவிடில் காலையே மாற்றுவது அறிவுடைமை.

சீர் செய்த திருகுக்கு எதைப் பூசுவது? ஏராளமாகக் கிரீஸ் பூசினால் நல்லது என்று தோன்றும். ஆனால் நிலைக்கால் வண்டியின் அடியில், சக்கரம் வாரி எறியும் புழுதியின் நடுவே தொங்குகிறது. பிசுபிசுப்பான கிரீஸ் அப்புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிரீஸும் மணலும் சேர்ந்தால் அது மசகு ஆகாது, அரம் ஆகும். ஆதலின் உலர்ந்தபின் ஒட்டாத உலர்மசகை விரும்புவோர் பலர். கிரீஸே பூச வேண்டும் என்று வண்டியின் கையேடு கூறினால் மெல்லிதாகப் பூசி, பயணம் முடிந்ததும் துடைத்துப் புதிதாகப் பூசுக.

இக்காலத்தில் கைப்பிடியைச் சுற்றும் சிரமத்தை விரும்பாதோர் மின்சாரத் துளைக்கருவியின் முனையிலே ஒரு குழல் வாயைப் பொருத்தி, நொடியில் காலை இறக்கிவிடுகின்றனர். தரையைத் தொடும் வரை அது தீங்கன்று. அதற்குமேல் தீங்கு. சம்மட்டி போல அடித்து அடித்துத் திருப்பும் கருவியாயின் தீங்கு இன்னும் மிகுதி. ஊசியும் மரையும் விரைவில் தேய்கின்றன. இது ஏன் என்று எண்ணிப் பார்த்தால், இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் விளங்கும்.

கைப்பிடி ஒரு கருவி மட்டுமன்று. அஃது ஓர் அளவுகோல். கால் அந்தரத்தில் இறங்கும்போது கைப்பிடி இலேசாகச் சுற்றும். தரையைத் தொட்டவுடன் ஒரு கனம் கைக்கு எட்டும். அந்தக் கனம் தெரிந்த பின் அரைச் சுற்று, மிகுந்தால் ஒரு சுற்று. அத்துடன் நிறுத்துவதே நிலைக்காலின் இலக்கணம். துருவும், வளைவும், மிகுசுமையும் எல்லாம் முதலில் கையினிடத்திலேயே முறையிடுகின்றன. அம்முறையீட்டைக் கேட்காமல் குழாயைச் செருகுவதும், மின்கருவியை ஏவுவதும், புலம்பும் நோயாளியின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். மின்கருவிக்கு வேகம் உண்டு. ஆனால் கனம் தெரியும் விரல்கள் இல்லை. அதனைப் பயன்படுத்துவோரும் கடைசிச் சுற்றைக் கையாலேயே முடிப்பது நல்லது.

வண்டி நிற்கும் வரிசையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் சக்கரத்தின் கீழ்ப் பலகையிட்டு இடவலமாகச் சமன் செய்க. அடுத்துச் சக்கரத்திற்கு ஆப்பு வைக்க. பின்பு காரை அவிழ்த்து, முன்மூக்கின் ஜாக்கியால் முன்பின்னாகச் சமன் செய்க. இவையெல்லாம் முடிந்த பின்னரே நிலைக்கால்களை இறக்குக. புறப்படும்போது அவற்றையே முதலில் முழுதும் மடக்குக. இவ்வரிசை தவறாதவரின் கைப்பிடி பல ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும்.

ஒரு குடும்பம் வண்டி வீட்டினுள் அச்சமின்றி உறங்குகிறது என்றால், அதன் கீழே நான்கு திருகுகள் தம் உராய்வாலே விழித்திருக்கின்றன. ஒரு சிற்றூசியும், ஒரு வாஷரும், ஒருபிடி நட்டும் அத்திருகுகளுக்குத் துணை நிற்கின்றன. இவற்றுள் எதுவும் விலையால் பெரியதன்று. கனக்கும் கைப்பிடியைச் சற்றே நிறுத்தி, இது ஏன் கனக்கிறது என்று கேட்டறிவதற்கு விலையே இல்லை. மதகடியில் நிற்கும் உழவருக்கும், பட்டறையில் நிற்கும் தொழிலாளருக்கும், நெடுஞ்சாலையோரத்தில் ஜாக்கியோடு குனிந்து நிற்கும் பயணிக்கும் அக்கேள்வி ஒன்றே. கேட்டபின் சுற்றுவோர் திருகையும் காப்பர், தம்மையும் காப்பர்.